நகலெடுத்தவரையே வேலைக்கு வைத்துக்கொண்ட கதை: ஜப்பானின் எலெக்ட்ரிக் கிதார்கள்

பழைய எலெக்ட்ரிக் கிதார்களை வாங்கி விற்பவர்களிடையே ‘வழக்குக் காலத்துக் கிதார்’ என்றொரு பெயர் புழங்குகிறது. 1970களில் ஜப்பானில் செய்யப்பட்டு, பார்வைக்கு அமெரிக்கக் கிதாரை உரித்துவைத்தாற்போல் இருக்கும் கருவிகளுக்கு வந்த பெயர் இது. இந்தப் பெயரைச் சேர்த்துச் சொன்னால் விலையையும் கொஞ்சம் ஏற்றிச் சொல்லலாம் என்பது விற்பவர்களுக்குத் தெரியும். ஜப்பானியர்கள் அசலையே மிஞ்சும்படி நகல் செய்துவிட்டார்கள், அதைக் கண்டு பயந்துபோன கிப்சன் நிறுவனம் அவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்தது என்பது இதற்குப் பின்னால் உலவும் கதை. பாதி உண்மைதான். மீதிப் பாதி எங்கே நழுவுகிறது என்று பார்க்க, கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் ஒரு வேறுபாடு. இன்னொருவர் வடிவமைத்த கிதாரின் உருவத்தையும் அமைப்பையும் எடுத்துக்கொண்டு, தலையில், அதாவது கழுத்தின் நுனியில் கம்பிகளை முறுக்கும் பகுதியில், தன் பெயரையே எழுதி விற்பது நகல். பிறர் பெயரைத் தலையில் ஒட்டி விற்பது போலி. ஜப்பானிய நிறுவனங்கள் செய்தது பெரும்பாலும் முதல் வகை. க்ரெக்கோ, டோகாய், ஐபனேஸ், ஆரியா, பர்னி என்று தத்தம் பெயர்களையே எழுதினார்கள். ஆனால் அந்த எழுத்தின் சாய்வையும் சுழிப்பையும் அமெரிக்கப் பெயரைப் போலவே அமைத்து, பத்தடி தள்ளி நின்று பார்ப்பவர் ஏமாந்தால் ஏமாறட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதில் கொஞ்சம் குறும்பு இருந்ததை மறுக்க முடியாது.

நகலெடுக்கப்பட்டவை பெரும்பாலும் இரண்டே நிறுவனங்களின் கிதார்கள்: ஃபெண்டர், கிப்சன். இந்த இரண்டும் செய்யப்படும் விதம் வேறு வேறு. அந்த வேறுபாடு புரிந்தால் பின்னால் நடந்த பலவும் தானாகப் புரிந்துவிடும்.

சாதாரணக் கிதாரில் உள்ளீடற்ற மரப்பெட்டிதான் ஒலியைப் பெருக்குகிறது. எலெக்ட்ரிக் கிதாருக்கு அந்தப் பெட்டி வேண்டியதில்லை. கம்பிகளுக்குக் கீழே ‘பிக்கப்’ எனப்படும் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும். எஃகுக் கம்பி அதிரும்போது சுருளில் சிறிய மின்னோட்டம் உண்டாகி ஆம்ப்ளிஃபையருக்குப் போகும். ஆகவே உடல் வெறும் கட்டியான மரத்துண்டாகவே இருக்கலாம். கலிபோர்னியாவில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்திவந்த லியோ ஃபெண்டர் இதைத்தான் செய்தார். 1954இல் வந்த அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடலை இயந்திரத்தில் அறுத்து, கழுத்தைத் தனியாகச் செய்து, நான்கு திருகுகளால் இரண்டையும் முடுக்கிவிடலாம். தொழிற்சாலையில் வேகமாகச் செய்வதற்கென்றே பிறந்த கிதார் அது.

கிப்சன் பழைய பாணி நிறுவனம். மாண்டலின் செய்து வளர்ந்தது. 1952இல் அது கொண்டுவந்த லெஸ் பால் கிதாரில், மஹோகனி உடலின் மேல் மேப்பிள் பலகையை ஒட்டி, அதை வயலினின் முகப்பைப்போல மேடாக இழைத்திருப்பார்கள். கழுத்தும் திருகினால் பொருத்தப்படுவதில்லை. பொளிவாயில் செருகிப் பசையிட்டு ஒட்டப்படும். மரமும் கூடுதல், உழைப்பும் கூடுதல். மரவேலை இயந்திரங்கள் உள்ள எந்தப் பட்டறையும் ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் போல ஒன்றை ஓரளவு செய்துவிட முடியும். லெஸ் பால் அப்படி எளிதில் வசப்படாது. ஜப்பானியப் பட்டறைகள் எந்த ஆண்டில் எவ்வளவு கற்றிருந்தன என்று அறிய, அவர்கள் செய்த லெஸ் பால் நகல்களைப் பார்த்தாலே போதும்.

ஜப்பானில் எலெக்ட்ரிக் கிதார் போருக்குப் பிறகே வேரூன்றியது. டெய்ஸ்கோ, கய்யாடோன் போன்ற நிறுவனங்கள் முதலில் ஹவாயன் கிதார்களைச் செய்தன. பெரும் அலை அடித்தது 1965இல். அமெரிக்காவின் ‘வென்ச்சர்ஸ்’ குழு அந்த ஆண்டு ஜப்பானில் சுற்றுப்பயணம் செய்ய, நாடு முழுவதும் இளைஞர்கள் கிதாருக்காக அலைந்தார்கள். பாடல் வரிகளே இல்லாத வாத்திய இசை என்பதால் ஆங்கிலம் தெரியாததும் தடையாகவில்லை. பெரியவர்கள் மிரண்டுபோனார்கள், தொச்சிகி மாவட்டத்தின் அஷிகாகா நகரக் கல்விக் குழு அதே ஆண்டில் மாணவர்களுக்கு எலெக்ட்ரிக் கிதாரைத் தடைசெய்தது. தடையால் ஒன்றும் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு பீட்டில்ஸ் குழுவும் டோக்கியோவின் புடோக்கான் அரங்குக்கு வந்துபோனது.

இந்தக் காலத்து ஜப்பானியக் கிதார்களை இன்றைய பொருளில் நகல் என்று சொல்ல முடியாது. கொம்புகள் நீண்டும் வளைந்தும், பொத்தான்களும் குரோமியத் தகடுகளும் நெருக்கியடித்தும், விசித்திரமான உருவங்களில் வந்தன. அமெரிக்காவின் பல்பொருள் கடைகளுக்கும் கப்பல் கப்பலாகப் போயின. பல கிதார்களில் கம்பி கழுத்திலிருந்து விரலளவு உயரத்தில் நின்று, அழுத்துகிறவர் விரலைப் பதம் பார்த்தது. 1967 வாக்கில் அலை வடிந்ததும் பட்டறைகள் வரிசையாகத் திணறத் தொடங்கின. டெய்ஸ்கோவை அந்த ஆண்டு காவாய் நிறுவனம் எடுத்துக்கொண்டது. எஞ்சிய பட்டறைகளுக்குப் புதிதாக விற்க ஏதாவது வேண்டும் என்ற நிலை.

அந்த ஏதோ ஒன்றை அமெரிக்காவே கொடுத்தது. லெஸ் பால் கிதாரின் பழைய உருவத்தைக் கிப்சன் 1961 வாக்கில் கைவிட்டிருந்தது. சரியாக விற்கவில்லை என்பது காரணம். ஆனால் எரிக் கிளாப்டன் போன்ற பிரிட்டிஷ் கலைஞர்கள் பழைய லெஸ் பாலைத் தேடிப்பிடித்து வாசிக்க, அதற்கான தேவை பெருகியது. 1968இல் கிப்சன் அதை மீண்டும் கொண்டுவந்தது. நிறுத்திய கிதாரை அசல் நிறுவனமே திரும்பச் செய்து விற்கிறது என்றால், அதே பழைய உருவத்தை நாமும் செய்யலாமே என்று கணக்குப் போட்டவர்களில் ஆரியா நிறுவனத்தின் ஷிரோ அராய் முன்னணியில் இருந்தார். விரைவில் பல பெயர்களில் லெஸ் பால் நகல்கள் வந்து குவிந்தன.

விலை பெரிய ஆயுதம். 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென் என்று மாற்று விகிதம் நிலையாக இருந்தது. அமெரிக்கக் கிதாரை ஜப்பானியர் ஒருவர் வாங்குவது எட்டாக்கனி. ஜப்பானியக் கிதாரை அமெரிக்கர் வாங்குவதோ மலிவு. இதே நேரத்தில் அமெரிக்க நிறுவனங்கள் சறுக்கத் தொடங்கியிருந்தன. ஃபெண்டரை 1965இல் சிபிஎஸ் ஒளிபரப்பு நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. கிப்சனின் தாய் நிறுவனம் 1969இல் கைமாறி, நார்லின் என்ற பெயரில் இயங்கத் தொடங்கியது. இரண்டு இடத்திலும் கணக்கர்கள் கை ஓங்கியது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்தைப் பிடித்திருந்த நான்கு திருகுகள் மூன்றாயின. கழுத்து ஆடுகிறது என்று வாசிப்பவர்கள் முணுமுணுத்தார்கள். லெஸ் பாலின் உடலைப் பல அடுக்குகளாக ஒட்டினார்கள், கழுத்தை மூன்று துண்டுகளாகச் சேர்த்தார்கள். இவையெல்லாம் தரக்குறைவுதானா என்று வாதிடுபவர்கள் இன்றும் உண்டு. ஆனால் ‘பழசு போல் வராது’ என்ற எண்ணம் வாசிப்பவர்கள் மனத்தில் ஊன்றிவிட்டது. நகலுக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

மாட்சுமோட்டோ

நகானோ மாவட்டத்தில் மலைகள் சூழ்ந்த மாட்சுமோட்டோ நகரம் மரச்சாமான்களுக்குப் பேர்போனது. கடலிலிருந்து தள்ளியிருப்பதால் காற்றில் ஈரம் குறைவு. மரம் நன்றாக உலரும். அங்கே 1951இல் தொடங்கிய மாட்சுமோக்கு நிறுவனம் சிங்கர் தையல் மெஷின்களுக்கு மரப்பெட்டி செய்துவந்தது. பிற்பாடு கிதாருக்கு மாறியது. மெஷின் பெட்டியை இழைத்து மெருகேற்றத் தெரிந்த கைகளுக்குக் கட்டிமரக் கிதார் பெரிய சவாலாக இருக்கவில்லை. 1970 முதல், கிப்சனுக்குச் சொந்தமான எபிஃபோன் கிதார்களையே அங்கே செய்யவைத்தது அமெரிக்க நிறுவனம். அதாவது ஒரே கூரையின் கீழ் கிப்சன் குடும்பத்துக் கிதாரும் கிப்சன் நகலும் உருவாயின.

அதே ஊரில் 1960இல் ஃபூஜிஜென் பிறந்தது. யுயிச்சிரோ யோகோவுச்சி, யுத்தாக்கா மிமுரா இருவரும் தொடங்கியது. மிமுரா வயலின் ஆசிரியர். நைலான் கம்பிக் கிதார்களில் தொடங்கி, 1962 வாக்கில் எலெக்ட்ரிக் கிதாருக்கு வந்தார்கள். ஃபூஜிஜென் பெயர் நெடுங்காலம் எந்தக் கிதாரின் தலையிலும் இல்லை. மற்றவர்களுக்காகச் செய்துகொடுப்பதுதான் அதன் தொழில்.

ஜப்பானிய நகல்களைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்கள் குழம்பும் இடம் இதுதான். கிதாரின் மேலிருக்கும் பெயர் பெரும்பாலும் வணிகருடையது, பட்டறையுடையது அல்ல. க்ரெக்கோ என்பது டோக்கியோவின் காண்டா ஷோகாய் என்ற மொத்த வணிக நிறுவனத்தின் பெயர். முதலில் மாட்சுமோக்குவும் பின்னர் ஃபூஜிஜென்னும் அதைச் செய்தன. ஐபனேஸ் நகோயாவின் ஹோஷினோ நிறுவனத்துக்குச் சொந்தம். ஹோஷினோ 1908இல் ஒரு புத்தகக் கடையின் இசைக்கருவிப் பிரிவாகத் தொடங்கியது. ஸ்பெயினின் சல்வடோர் இபானியெஸ் பட்டறையிலிருந்து கிதார்களை இறக்குமதி செய்து, பின்னர் அந்தப் பெயரையே தனதாக்கிக்கொண்டது. ஆக, ஸ்பானியப் பெயரில், நகோயா வணிகருக்காக, மாட்சுமோட்டோவில், அமெரிக்க உருவத்தில் ஒரு கிதார்! டோகாய் மட்டும் விதிவிலக்கு. 1947இல் ஹார்மோனிகா செய்யத் தொடங்கிய அந்த நிறுவனம் ஹமாமாட்சு நகரில் தன் சொந்தப் பட்டறையில், தன் சொந்தப் பெயரிலேயே செய்தது. நமக்கு மோட்டார் சைக்கிளாக அறிமுகமான யமஹாவும் ஹமாமாட்சுதான். அதன் முத்திரையில் இருப்பவை மூன்று இசைக்கவைகள் என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள்.

புகைப்படத்திலிருந்து மரத்துக்கு

1970களின் தொடக்கத்தில் வந்த லெஸ் பால் நகலை முன்னால் பார்த்தால் லெஸ் பால். பின்னால் திருப்பினால் கழுத்தடியில் நான்கு திருகுகள் பல்லைக் காட்டும். கிப்சனின் ஒட்டுவேலையைச் செய்யாமல் ஃபெண்டரின் சுலபவழியைப் பிடித்திருக்கிறார்கள். முகப்பு மேடும் பெரும்பாலும் இழைத்ததில்லை. ஒட்டுப்பலகையை அச்சில் அழுத்தி வளைத்தது. அதற்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால், விரல் மூட்டால் தட்டினால் டொக்கென்று கேட்கும். விருந்தின் படத்தைப் பார்த்து அதே நிறத்தில் சமைத்துவைத்தது போன்ற வேலை. கேட்பவருக்கு அசல் கிதாரின் ஒலி அதில் கிடைக்காது.

ஏழெட்டு ஆண்டுகளில் நிலைமை தலைகீழ். 1978 முதல் 1982 வரை டோகாய், க்ரெக்கோ, பர்னி ஆகிய பெயர்களில் வந்தவற்றில் கழுத்து ஒட்டப்பட்டிருக்கிறது, மேப்பிள் முகப்பு இழைக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் முன்னால் வைத்துக்கொண்டது கிப்சன் அப்போது விற்றுக்கொண்டிருந்த கிதாரை அல்ல. 1958 முதல் 1960 வரை செய்து நிறுத்திய கிதாரை. பழையதன் வளைவு, முகப்பின் சாயம், பிக்கப்பின் ஒலி என்று ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடித்தார்கள். அன்றைய புதிய கிப்சனைவிட ஜப்பானிய நகல் பழைய கிப்சனுக்கு நெருக்கமாக இருந்தது. என் பார்வையில் இந்த வரலாற்றின் மையம் இதுதான். அசல் நிறுவனம் தன்னுடைய நல்ல நாள்களை மறந்திருந்தபோது, அதை நினைவில் வைத்திருந்தவர்கள் நகலெடுப்பவர்கள்.

எல்லா நகலும் அப்படி இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விலை ஏணியை அவர்கள் ஒளித்து வைக்கவில்லை. மாதிரி எண்ணிலேயே எழுதினார்கள். டோகாயின் எல்எஸ்-80 என்றால் ஜப்பானில் 80,000 யென், எல்எஸ்-50 என்றால் 50,000 யென். க்ரெக்கோவின் ஈஜி-500 என்பதும் 50,000 யென்தான். எண் ஏற ஏற மரமும் பிக்கப்பும் மெருகும் உயரும். ஒரே ஆண்டில், ஒரே பெயரில், ஒரே உருவத்தில் வந்த இரண்டு கிதார்களுக்குள் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கலாம். ‘ஜப்பானில் செய்தது, ஆகவே அருமையானது’ என்று சொல்பவரிடம் முதலில் மாதிரி எண்ணைக் கேட்பது நல்லது.

அந்த வழக்கு

1977 ஜூன் மாதம் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின் ஃபிலடெல்ஃபியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. எதிராளி ‘எல்கர்’, அதாவது ஹோஷினோவின் அமெரிக்கப் பிரிவு. ஐபனேஸ் மட்டுமே இதில் சிக்கியது. க்ரெக்கோவும் டோகாயும் பர்னியும் சிக்கவில்லை. ஆக ‘வழக்குக் காலத்துக் கிதார்’ என்று விற்கப்படும் பெரும்பாலானவற்றுக்கும் வழக்குக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

எதைப் பற்றி வழக்கு? மரத்தைப் பற்றியோ ஒலியைப் பற்றியோ அல்ல. கிதாரின் தலை நுனியைப் பற்றி. கிப்சன் தலையின் மேல்விளிம்பில் நடுவே சிறு பள்ளமும் இருபுறமும் ஏறி இறங்கும் வளைவும் இருக்கும். கிதார் வட்டாரத்தில் அதைத் ‘திறந்த புத்தகம்’ என்பார்கள். அந்த விளிம்பு தன் வணிக முத்திரை என்பது கிப்சனின் வாதம். உடல் உருவத்தை விட்டுவிட்டுத் தலையைப் பிடித்ததில் சட்ட நுட்பம் இருக்கிறது. ஒரு பொருளின் உருவத்தைப் பார்த்ததுமே இன்ன நிறுவனத்துடையது என்று மக்கள் மனத்தில் தோன்ற வேண்டும்; அப்போதுதான் அது முத்திரையாகும். பலரும் பல ஆண்டுகள் செய்துவந்த உருவம் பொதுச்சொத்தாகிவிடும். பிற்காலத்தில் ஃபெண்டர் தன் கிதார்களின் உடல் உருவங்களைப் பதிவுசெய்ய முயன்றபோது, 2009இல் அமெரிக்க வணிக முத்திரை வாரியம் இந்தக் காரணத்தைச் சொல்லியே மறுத்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், வழக்கு வருவதற்கு முன்பே, 1976இல், ஐபனேஸ் தன் தலை வடிவத்தை மாற்றத் தொடங்கியிருந்தது. அதன் பின் சண்டைபோட அதிகம் மிச்சமில்லை. 1978 தொடக்கத்தில் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. தீர்ப்பு என்று எதுவும் எழுதப்படவில்லை. ஜப்பானுக்குள்ளே விற்கப்பட்ட நகல்களில் திறந்த புத்தகத் தலை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. டோகாய் மட்டும் தன் ‘லெஸ் பால் ரீபார்ன்’ என்ற துணிச்சலான பெயரைக் கைவிட்டு, ‘லவ் ராக்’ என்ற அப்பாவிப் பெயருக்கு வந்து சேர்ந்தது.

ஐபனேஸுக்கு இந்த வழக்கால் நஷ்டமில்லை என்றே சொல்வேன். 1975லேயே ‘ஐஸ்மேன்’ என்ற சொந்த உருவத்தைக் கொண்டுவந்திருந்தது. ஜாஸ் கலைஞர் ஜார்ஜ் பென்சனுக்காக ஜிபி10, 1987இல் ராக் கிதார் கலைஞர் ஸ்டீவ் வையோடு சேர்ந்து ஜெம் என்று வளர்ந்து, பிறகு மற்றவர்கள் நகலெடுக்கும் நிறுவனமாகவே ஆகிவிட்டது. யமஹாவும் 1976இல் சொந்த உருவத்தில் எஸ்ஜி-2000 கிதாரைக் கொண்டுவந்தது. கார்லோஸ் சந்தானா அதை மேடைக்கு மேடை வாசித்தார்.

ஃபெண்டர் எடுத்த வழி வேறு. வழக்குக்குப் போகாமல் கூட்டுச் சேர்ந்துவிட்டது. 1982 மார்ச்சில் காண்டா ஷோகாய், யமானோ என்ற இரண்டு ஜப்பானிய வணிக நிறுவனங்களோடு சேர்ந்து ‘ஃபெண்டர் ஜப்பான்’ தொடங்கப்பட்டது. கிதார் செய்யும் பொறுப்பு ஃபூஜிஜென்னுக்குப் போனது. க்ரெக்கோ பெயரில் ஃபெண்டர் நகல்களை விற்றுவந்த அதே காண்டா ஷோகாய், அவற்றைச் செய்துகொடுத்த அதே ஃபூஜிஜென்! ஒரே இரவில் நகல் அசலாகிவிட்டது. மாறியது தலையிலிருந்த பெயர்தான். க்ரெக்கோ பெயரிலான ஃபெண்டர் நகல்களும் அத்துடன் நின்றன. ஏற்றுமதிக்கென ‘ஸ்குவையர்’ என்ற பெயர் தூசு தட்டி எடுக்கப்பட்டது. அது ஃபெண்டர் முன்பு வாங்கியிருந்த ஒரு கம்பி நிறுவனத்தின் பெயர். வரிசை எண்ணுக்கு முன் ‘ஜேவி’ என்ற எழுத்துகள் கொண்ட 1982 முதல் 1984 வரையான அந்தக் கிதார்களைச் சேகரிப்பவர்கள் இன்றும் தேடுகிறார்கள்.

1985இல் சிபிஎஸ் ஃபெண்டரை அதன் நிர்வாகிகளுக்கே விற்றபோது, கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. கொரோனா நகரில் புதிய தொழிற்சாலை எழும்பும்வரை அமெரிக்கக் கடைகளில் ஃபெண்டர் என்று விற்றதில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்தது. நிறுவனத்தின் உயிரைப் பிடித்துவைத்தவை அவை என்றால் மிகையில்லை.

ஆனால் ஜப்பானின் இந்தப் பொற்காலத்தை முடித்ததும் அதே ஆண்டுதான். 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் கையெழுத்தான நாணய ஒப்பந்தத்துக்குப் பிறகு, டாலருக்கு 240 யென் அளவில் இருந்த விகிதம் ஓராண்டுக்குள் 150 அருகே வந்துவிட்டது. ஜப்பானியக் கிதாரின் விலை, யாரும் ஒரு திருகைக்கூட மாற்றாமலே, வெளிநாட்டில் எகிறியது. மலிவுக் கிதார் வேலை கொரியாவுக்குப் போனது. சாமிக், கோர்ட் போன்ற நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன. பிறகு இந்தோனேசியா, சீனா. மாட்சுமோக்கு 1987இல் மூடப்பட்டது. கிப்சன் 1988இல் யமானோவோடு சேர்ந்து ‘ஓர்வில்’ என்ற பெயரில் ஜப்பானுக்குள் விற்கும் உரிமம் பெற்ற கிதார்களைக் கொண்டுவந்தது. தன் நிறுவனரின் முதற்பெயரை வைத்து, பத்தாண்டு நடத்தி, 1998இல் நிறுத்தியது. பர்னி கிதார்களை விற்ற ஃபெர்னாண்டஸ் 2024இல் கதவை மூடிவிட்டது. ஃபூஜிஜென் இன்றும் இருக்கிறது. இப்போது தன் பெயரையே தலையில் எழுதிக்கொள்கிறது.

இப்படியொரு கிதார் கைக்கு வந்தால் முதலில் திருப்பிப் பாருங்கள். லெஸ் பால் உருவத்தில் கழுத்தடியில் திருகுகள் இருந்தால் பெரும்பாலும் 70களின் முற்பகுதிச் சரக்கு, அல்லது விலை ஏணியின் கீழ்ப்படி. முகப்பைத் தட்டிப் பாருங்கள். மின்கம்பிகள் இருக்கும் குழியின் பின்மூடியைத் திறந்து மரத்தின் அடுக்குகளைப் பாருங்கள். பல நகல்களின் உண்மை வயது அந்தக் குழிக்குள்தான் தெரியும். தலையைக் கடைசியாக, சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். க்ரெக்கோ, டோகாய் என்ற பெயரைச் சுரண்டிவிட்டுக் கிப்சன் என்று ஒட்டி விற்பவர்கள் உண்டு. சுரண்டிய இடத்தில் மெருகு சற்றுப் பள்ளமாகவோ மங்கலாகவோ தெரிந்தால் விற்பவரிடம் விளக்கம் கேளுங்கள். விளக்கம் நீண்டுகொண்டே போனால் கிதாரை அவரிடமே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.